இறுதிக் கல்லை இட்டவர் யார்? - எட்வேட் ஸ்ரோங் என்ற கற்றச்சரின் வாழ்வும் தொழிலும்

இலண்டன் மாநகரின் சென். போல் பேராலயத்து விளக்குமாடத்தின் இறுதிக் கல்லை இட்டவர் யார் என்னும் வினாவுக்கு இரு குடும்பங்கள் இருவேறு விடைகளை விட்டுச் சென்றுள்ளன. கட்டடக்கலைஞர் சேர் கிறிஸ்ரோபர் றென் அவர்களின் குடும்பத்தார் 1750 இல் வெளியிட்ட குடும்ப வரலாற்று நூல், அக்கல் 1710 ஆம் ஆண்டு றென்னின் மகனால், தந்தையின் பிரதிநிதி என்ற முறையில் இடப்பட்டதென்றும், கற்றச்சர் ஸ்ரோங் அவர்களும் அவருடைய மகனும் அவ்வேளையிற் சமூகமளித்திருந்தனரென்றும் கூறும். எட்வேட் ஸ்ரோங் தம் முதுமையில் எழுதிவைத்த குடும்பக் குறிப்போ, 1708 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அக்கல்லைத் தாமே இட்டதாகக் கூறுகின்றது. அத்துடன் அமையாது, 1675 யூன் 21 ஆந் திகதி அதே பேராலயத்தின் முதற் கல்லை இட்டவர் தம் தமையனார் தோமஸ் ஸ்ரோங் என்பதையும் அக்குறிப்பு வலியுறுத்துகின்றது. ஒரு குடும்பத்தவரின் கை அடியில் இருந்து முடிவரை சென்றதென்பது அவர் வாதம். மற்றைய குடும்பத்தின் நூலில் அதே கற்றச்சர் பார்த்து நிற்பவராகவே இடம்பெறுகின்றார்.

ஆண்டு மாறுபாட்டைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதனை ஆராய்வோர் பிறர் உளர். ஒரு கல்லை இட்ட உரிமைக்காக இரு குடும்பங்கள் ஏட்டில் வழக்காட வேண்டியிருந்தது ஏன் என்பதே நமது வினா. ஐரோப்பியக் கட்டடக்கலை வரலாறு பெரும்பாலும் வரைபடம் வரைந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பரோக் காலம் பற்றிய நூல்களைப் புரட்டும் மாணவன் பெர்னினி, பொறோமினி, றென், வன்பிறா என்ற பெயர்களைப் பக்கந்தோறும் காண்பான். கல்லை அகழ்ந்து, கப்பலேற்றி, செதுக்கி, உயர்த்திப் பொருத்தியோரின் பெயர்களைக் காண அவன் பின்னிணைப்புகளைத் தேட வேண்டும். இத்தனைக்கும் றென் தொழிலாற் கட்டடக்காரர் அல்லர். அவர் வானியலறிஞர், 1661 இல் ஒக்ஸ்போட்டில் வானியற் பேராசிரியராக அமர்ந்தவர். முப்பது வயதுக்குப் பின்னரே கட்டடத் துறையினுட் புகுந்த அவர், கல்லைப் பற்றி அறிந்தவற்றுட் பலவற்றைக் கற்றச்சரிடமிருந்தே அறிந்தார் எனக் கொள்வதில் தவறில்லை.

ஸ்ரோங் குடும்பத்தினர் இங்கிலாந்தின் மேற்கிலுள்ள கொற்ஸ்வோல்ட் மேட்டுநிலத்தைச் சார்ந்தவர்கள். பாட்டனார் திமோதி ஸ்ரோங் குளோஸ்ரர் மாவட்டத்தைச் சேர்ந்த பரிங்ரன் என்ற கிராமத்திற் குடியேறி, அக்கிராமத்திலும் அயலிலுள்ள ரெயின்ரனிலும் கல்லகழிடங்களைத் தம் வசம் கொண்டிருந்தார். அப்பகுதியின் சுண்ணக்கல் பழுப்பு மஞ்சள் நிறமுடையது. அகழ்ந்தவுடன் மென்மையாக இருந்து, காற்றுப்பட்டபின் இறுகும் இயல்பினது. அகழிடமும் உளியும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தமை இவர்களின் பின்னைய வளர்ச்சிக்கு அடித்தளமாயிற்று என்பது மனங்கொளத்தக்கது. கல்லை விலைக்கு வாங்கிச் செதுக்குபவன் கூலியை மட்டுமே பெறுவான். கல்லையும் தானே விற்பவன் இரு வழியாலும் பொருள் ஈட்டுவான். திமோதியின் மகன் வலன்ரைன் அப்பகுதிப் பிரபுக்களுக்கு மாளிகைகளைக் கட்டிக் கொடுத்தார். 1662 இல் ஒரு மாளிகையின் வேலை நடந்துகொண்டிருந்த வேளையில் அவர் இறந்தார். அவருடைய மைந்தர் அறுவரும் கற்றொழிலிலேயே பழக்கப்பட்டவர்கள். மூத்தவர் தோமஸ். 1652 இற் பிறந்த எட்வேட் தந்தை இறந்தபொழுது பத்து வயதுச் சிறுவன். தமையனிடமே தொழில் பயின்றவர்.

தோமஸ் ஒக்ஸ்போட்டிலே திரித்துவக் கல்லூரியின் மாணவர் விடுதியைக் கட்டியபொழுது அவ்வேலையை மேற்பார்வை செய்தவர் றென். பின்னர் நாற்பதாண்டுக் காலம் நீடித்த உறவொன்றின் தொடக்கம் அதுவே. அவ்வுறவை அரசியல் நிகழ்ச்சி எதுவும் வளர்க்கவில்லை. ஒரு தீயே வளர்த்தது. 1666 செப்ரெம்பர் 2 ஆந் திகதி இலண்டனில் மூண்ட பெருந்தீ நான்கு நாட்களில் 13,200 வீடுகளையும் 87 கோவில்களையும் பழைய சென். போல் பேராலயத்தையும் அழித்தது. நகரின் வீடுகள் அதுவரை பெரும்பாலும் மரத்தால் ஆனவை. 1667 இல் நிறைவேற்றப்பட்ட மீள்கட்டடச் சட்டம் புதிய வீடுகளின் வெளிச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோ அமைய வேண்டுமென விதித்தது. ஒரு நகரம் முழுவதும் திடீரெனக் கற்றச்சரையும் செங்கற் கொத்தரையும் வேண்டி நின்றது. அத்தனைபேர் அந்நகரில் இல்லை.

இவ்விடத்தில் இலண்டன் தொழிற் கணங்களைப் பற்றிச் சிறிது கூறுதல் அவசியம். நகர எல்லைக்குள் ஒரு தொழிலைச் செய்யும் உரிமை, அத்தொழிலுக்குரிய கணத்தில் ஏழாண்டு பயிற்சி பெற்றோ, தந்தை வழியாகவோ, பணம் செலுத்தியோ நகர உரிமை அடைந்தவருக்கே இருந்தது. ஏனையோர் 'வெளியார்' எனப்பட்டனர். பிறநாட்டாரை மட்டும் அச்சொல் குறிக்கவில்லை; கொற்ஸ்வோல்ட் மேட்டிலிருந்து வந்த ஆங்கிலக் கற்றச்சனும் இலண்டன் கணத்துக்கு வெளியாரே. நிலமானிய சமுதாயத்து நகரங்கள் தம் தொழிலாளரைக் காக்க எழுப்பிய மதில் இது. தீயினால் நகர மதிலுக்குள் இருந்த வீடுகள் மட்டுமன்றி இந்த மதிலும் பிளந்தது. மேற்கூறிய சட்டத்தின் ஒரு பிரிவு, நகரை மீளக் கட்ட வரும் வெளியார் ஏழாண்டுக் காலம் நகர உரிமையுடையோர் போலவே தொழில் செய்யலாமென்றும், அவ்வேழாண்டும் உழைத்தவர்கள் அவ்வுரிமையை வாழ்நாள் முழுவதும் அனுபவிக்கலாமென்றும் அனுமதித்தது. கற்றச்சர் கணம் இதனை விரும்பியிருக்க முடியாது. 1677 இல் அது அரசரிடம் புதிய சாசனமொன்றைப் பெற்று, கைநழுவிய கட்டுப்பாட்டை மீட்க முயன்றது. ஆனால் பெரிய வேலைகள் அதற்கிடையில் வந்தவர்களின் கைக்குச் சென்றுவிட்டன. தோமஸ் ஸ்ரோங் 1667 இலேயே தம் அகழிடங்களிற் கல்லை வெட்டிச் சேர்த்து, இலண்டனுக்கு அனுப்பி ஏனைய கற்றச்சருக்கு விற்றதோடு, ஊரிலிருந்து ஆட்களையும் திரட்டிக்கொண்டு நகருக்குச் சென்றார். முப்பதாண்டின் பின், 1696 இல், அவருடைய தம்பி எட்வேட் அதே இலண்டன் கணத்தின் தலைவராக அமர்ந்தமை இவ்வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று.

நகரக் கோவில்கள் பலவற்றில் வேலை பெற்ற தோமஸ், சென். ஸ்ரீபன் வோல்புறூக் என்ற சிறு கோவிலையும் கட்டினார். பின்னர் பேராலயத்தில் எழவிருந்த குவிமாடத்துக்கு ஒத்திகைபோல் அமைந்தது அது. 1675 இற் பேராலய வேலை தொடங்கியபொழுது முதல் ஒப்பந்தங்களைப் பெற்றவர்கள் இருவர்: அரச கற்றச்சரான ஜொஷுவா மார்ஷல் ஒருவர், தோமஸ் ஸ்ரோங் மற்றவர். மார்ஷல் 1678 இல் இறந்தார். தோமஸ் 1681 இல் மணமாகாமலே இறந்தார். அவருடைய அகழிடங்கள், ஒப்பந்தங்கள், வேலையாட்கள், முடிவுறாத கோவில்கள் யாவும் இருபத்தொன்பது வயதினரான எட்வேட்டை வந்தடைந்தன. ஒரு நிலத்தைத் தமையனிடமிருந்து பெறுவதுபோல ஒரு பேராலயத்தின் பகுதியை அவர் பெற்றார் எனலாம்.

'பகுதி' என்று கூறுவது அணிக்காக அன்று. சென். போல் பேராலயம் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை அன்று. வயலை வரம்பிட்டுப் பங்கிடுவதுபோல அது கற்றச்சர் பலரிடையே பங்கிடப்பட்டிருந்தது. எட்வேட் பியர்ஸ், ஜஸ்பர் லேதம், தோமஸ் வைஸ், ஜோன் தொம்சன், பேர்போட் ஊரவரான கிறிஸ்ரோபர் கெம்ப்ஸ்ரர் முதலியோர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு பாகங்களைப் பெற்றனர். ஒவ்வொருவரும் தம் ஆட்களோடு, தம் கருவிகளோடு தம் பாகத்தை உயர்த்திச் சென்றனர். இருவர் பாகங்கள் சந்திக்கும் இடத்தில் ஒரே மட்டத்தில், ஒரே வரியில் கற்கள் வந்து பொருந்த வேண்டும். இன்று அப்பேராலயத்தைப் பார்ப்பவர் எந்த இடத்தில் ஒருவர் கை நின்று மற்றவர் கை தொடங்கியதெனக் கூற முடியாதிருப்பதே அவர்தம் திறமைக்குச் சான்று.

கட்டட வேலைக்குக் கூலி வழங்கும் முறைகள் மூன்றென்பதை றென் 1681 இல் ஒக்ஸ்போட்டுப் பேராயருக்கு எழுதிய கடிதத்தில் விளக்குகின்றார். ஒன்று நாட்கூலி, வேலை நீளும், சோம்பல் வளரும். மற்றொன்று முழு வேலைக்கும் ஒரே தொகை பேசுதல். முன்பு செய்தறியாத வேலையிற் கற்றச்சன் தன் நட்டத்தைப் பொறுக்க மாட்டான். இடைப்பட்டது அளவு வேலை: செய்து முடித்த கல்லை அடிக்கணக்கில் அளந்து, வெறும் முகத்துக்கு ஒரு விலை, வரிவேலைக்கு ஒரு விலை, சிற்பவேலைக்கு ஒரு விலை எனக் கொடுத்தல். றென் விரும்பியது இதனையே. பேராலயத்திலும் பெருமளவு இம்முறையே கைக்கொள்ளப்பட்டது. அக்கடிதத்தில் அவர் சிபாரிசு செய்த கற்றச்சர் கெம்ப்ஸ்ரர் என்பதும், அவ்வேலை ஒக்ஸ்போட்டின் பெயர்பெற்ற ரொம் கோபுரம் என்பதும் இடைக்குறிப்பாகக் கூறத்தக்கவை.

இனி, கல் எவ்வாறு சுவரை அடைந்தது என்பதை நோக்குவாம். பேராலயத்தின் வெளிமுகத்துக்கு விரும்பப்பட்டது டோர்செற் கரையோரத்துப் போட்லண்ட் தீவின் வெண்ணிறச் சுண்ணக்கல். இறுகிய மணியுடையது, நுண்ணிய வரிகளை ஏற்பது, இலண்டனின் கரிப்புகையையும் மழையையும் ஓரளவு தாங்குவது. அகழிடத்திற் படைபடையாகக் கிடக்கும் அக்கல்லின் இயல்பான பிளவுகளில் ஆப்புகளை அடித்து இறக்கிப் பாளங்களைப் பெயர்த்தெடுப்பர். அவற்றைச் சரிவுகளில் இறக்கித் துறைக்குக் கொணர்ந்து கப்பலேற்றுவர். தென்கரையைச் சுற்றி வந்து தேம்ஸ் நதிவாயிலிற் புகும் கப்பல், இலண்டன் பாலத்தோடு நிற்க வேண்டும். அப்பாலத்தின் குறுகிய வளைவுகளுக்குள் பெரிய கலங்கள் நுழையமாட்டா. ஆதலாற் கற்கள் அங்கே பரிசல்களுக்கு மாற்றப்பட்டுப் பேராலயத்துக்குக் கீழுள்ள துறையில் மீண்டும் இறக்கப்பட்டன. அங்கிருந்து மேடேறும் தெருவழியே வண்டிகள் இழுத்தன. கல்லின் விலையை விட அதனைக் கொணரும் செலவே மிகுதி. 1696 இல் போட்லண்ட் தீவில் நேர்ந்த பெரும் நிலச்சரிவு துறையையும் அதற்கான வழியையும் சிதைத்ததால் கல்வரவு தடைப்பட்டது. மறுவருடம் றென் நேரிலே அத்தீவுக்குச் செல்ல நேர்ந்தது.

கல் முற்றத்தை அடைந்ததும் கற்றச்சனின் அறிவு தொழிற்படத் தொடங்கும். பூமியில் எவ்வாறு படிந்து கிடந்ததோ அதே கிடையிலேயே கல் சுவரிலும் அமர வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பாரமும் பனியும் சேர்ந்து அதன் முகத்தை ஏடேடாக உரித்துவிடும். பாளத்தின் கிடையை அறிந்து குறியிடுவது பழகிய கண்ணின் வேலை. வரைபடத்திலுள்ள வளைவு தகடாகவோ மெல்லிய பலகையாகவோ வெட்டப்பட்டு அச்சாகக் கொடுக்கப்படும். அதனைக் கல்லின் இரு முனைகளிலும் வைத்துக் கோடு கீறி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உளியால் இறக்கிச் செல்வர். மூலைமட்டமும் தூக்குநூலும் கைவிடாது உடன் செல்லும். செதுக்கி முடிந்த கல்லின் மேற்புறத்தில் அகன்று விரியும் துளையொன்றைக் குடைந்து, அதனுள் மூன்று துண்டான இரும்புக் கவ்வியைச் செலுத்தினால், கயிறு இழுக்க இழுக்க அது கல்லை இறுகப் பற்றும். கப்பியும் சுழலுருளையும் கல்லைச் சாரத்துக்கு உயர்த்தும். மெல்லிய சாந்தின் மேல் அதனை இறக்கி அமர்த்துபவன் வேறொருவன். செதுக்குபவனை விடப் பொருத்துபவன் மதிப்பு மிக்கவன். தவறாகச் செதுக்கப்பட்ட கல்லை ஒதுக்கலாம். தவறாக அமர்த்தப்பட்ட கல் மேலேயுள்ள அத்தனை கற்களையும் தவறாக்கும்.

கல்லின் இயல்பு கட்டடத்தின் உருவத்தையே தீர்மானித்தமைக்கும் இப்பேராலயம் சான்று. மேற்கு முகப்பிலே தூண்கள் ஈரடுக்காக ஒன்றன்மேல் ஒன்று நிற்பதைக் காணலாம். உரோமாபுரியின் சென். பீற்றர் ஆலயம் போன்று நிலத்திலிருந்து முடிவரை ஒரே தூண்வரிசையாக அமைக்கவில்லையே என்று குறைகூறிய கலைவிமரிசகர் உண்டு. றென் குடும்ப நூல் தரும் காரணம் எளியது. நான்கடிக்கு மேற்பட்ட விட்டமுடைய தூண்களுக்கும், அவற்றுக்கு இயைய முன்னோக்கி நீளும் விளிம்புகளுக்கும் வேண்டிய பெருங்கற்களைப் போட்லண்ட் அகழிடம் போதியளவில் தராது. அகழிடம் மறுத்ததை வரைபடம் பெற முடியவில்லை. இங்கிலாந்துப் பரோக் கலையின் தனித்தன்மை என்று நூல்கள் வருணிப்பவற்றுட் சில, இவ்வாறு அகழிடத்தில் முடிவானவை. பிரான்சிலே 1665 இல் முதிய பெர்னினியைச் சந்தித்த றென்னின் மனத்தில் எத்தகைய கனவுகள் இருந்தனவாயினும், கல்லின் எல்லையை அவருக்கு உணர்த்தியோர் கல்லை அறிந்தோரே.

அவ்வறிவும் பிழைத்த இடம் ஒன்றுண்டு; அதனை மறைத்தல் கற்றச்சருக்குச் செய்யும் நன்மை ஆகாது. குவிமாடத்தைத் தாங்கும் எட்டுப் பெருந்தூண்கள் முழுக் கல்லால் ஆனவை அல்ல. வெளியே செதுக்கிய கல். உள்ளே உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும். பழைய பேராலயத்தின் இடிபாடுகள் உள்ளீடாகப் பயன்பட்டன. செலவைக் குறைக்கும் பழைய மரபு இது. ஆனால் உள்ளிருந்த சாந்து காய்ந்து சுருங்கியபொழுது, மேலிருந்து வந்த பாரம் மெல்லிய மூட்டுகளையுடைய வெளிக்கல்லின் விளிம்புகளை அழுத்தியது. 1690 களிலேயே முகக்கற்கள் பிளந்தன. மேலே குவிமாடம் எழுந்துகொண்டிருக்க, கீழே பிளந்த கற்களை வெட்டியெடுத்துப் புதியன பதிக்கும் வேலையும் நடந்தது. வேலையை நிறுத்துவதற்கு எவரும் துணிந்திலர். இந்நோய் முற்றாகத் தீரவில்லை என்பதற்கு, 1925 முதல் 1930 வரை பேராலயத்தின் பெரும்பகுதி மூடப்பட்டு, அத்தூண்களுட் சீமெந்துக் குழம்பு செலுத்தப்பட்டமையே போதிய சான்று. பிழை வரைந்தவருடையதா கட்டியவருடையதா என வினவுவோருக்கு என் விடை இருவருடையதும் என்பதே. மரபு வழியாக வந்த உள்ளீட்டு முறையை மரபறியாத பாரத்துக்கு ஏற்றனர். அப்பாரத்தின் கணக்கை முழுதாக அறிந்த எவரும் அக்காலத்தில் இலர்.

இந்நெடுங்கால வேலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இலண்டன் துறைமுகத்துக்கு வந்த நிலக்கரி மீது பாராளுமன்றம் விதித்த வரியிலிருந்து வந்தது. குளிர்காய்ந்த ஒவ்வோர் இலண்டன் ஏழையும் இப்பேராலயத்துக்குக் காசு கொடுத்தான். மொத்தச் செலவு ஏறத்தாழ 738,000 பவுண். ஆனால் வரி வருவது மெதுவாக. வேலையாள் கூலி கேட்பது வாரந்தோறும். இவ்விடைவெளியை நிரப்பியவர் தலைமைக் கற்றச்சரே. தம் பணத்தாற் கூலி கொடுத்து, கல் வாங்கி, மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் ஆற்றல் எவருக்கு இருந்ததோ அவருக்கே ஒப்பந்தம் நிலைத்தது. பேராலயத்துக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தோரிலும் அங்கு வேலை செய்த கற்றச்சர்கள் இருந்தனர். எட்வேட் ஸ்ரோங் இவ்வகையினர். பேராலயத்தோடு நில்லாது நகரக் கோவில்கள், வின்செஸ்ரரில் இரண்டாம் சாள்ஸ் மன்னர் தொடங்கிய அரண்மனை, பிளக்ஹீத்தில் மோர்டன் கல்லூரி, 1696 முதல் கிறீனிச் கடற்படையினர் இல்லம் என ஒரே காலத்திற் பல களங்களில் அவர் ஆட்கள் வேலை செய்தனர். இந்நிலையில் அவர் கையில் உளி இருந்திருக்கும் எனக் கருதுவதற்கில்லை. கற்றச்சர் என்ற பழைய பெயரைத் தாங்கிய புதிய மனிதர் அவர்; தொழிற் கணத்தின் கைவினைஞருக்கும் பின்வந்த முதலாளித்துவ ஒப்பந்தகாரருக்கும் இடையே நின்றவர்.

அவர்தம் ஆட்கள் எவ்வளவு பெற்றனர்? நெடுங்காலமாகப் பொருளாதார வரலாற்றாசிரியர்கள் பேராலயக் கணக்கேடுகளை நம்பி, இலண்டன் கற்றச்சனின் நாட்கூலி 2 சிலிங் 6 பென்ஸ் என எழுதி வந்தனர். இத்தொகையை வைத்தே பிறநாடுகளின் கூலியோடு ஒப்பிட்டு, ஆங்கிலத் தொழிலாளன் உயர்ந்த கூலி பெற்றான் எனவும், அதுவே பின்னைய கைத்தொழிற் புரட்சிக்குத் தூண்டுகோலாயிற்று எனவும் பெருங்கொள்கைகளை எழுப்பினர். அண்மைக் கால ஆய்வு இதனை அசைத்துள்ளது. கணக்கேட்டிலுள்ள தொகை பேராலயம் ஒப்பந்தகாரருக்குக் கொடுத்தது; ஒப்பந்தகாரர் தம் ஆளுக்குக் கொடுத்தது அன்று. தென்மேற்குக் கோபுரத்தைக் கட்டிய வில்லியம் கெம்ப்ஸ்ரரின் நாட்கணக்கேடு தப்பிக் கிடைத்துள்ளது. அதன்படி கற்றச்சருட் பலர் பெற்றது 30 பென்சிலும் குறைவே. கருவித் தேய்வு, காத்திருப்பு, இலாபம் ஆகிய யாவும் அவ்விடைவெளியிலிருந்தே பெறப்பட்டன. இலண்டன் கட்டடத் தொழிலாளரின் உண்மைக் கூலி முன்னர் எண்ணப்பட்டதிலும் ஐந்திலொரு பங்கோ அதற்கு மேலோ குறைவாய் இருந்தது என்பது அவ்வாய்வின் முடிவு. றென்னின் நிழலிலிருந்து ஸ்ரோங்கை வெளிக்கொணர முற்படும் நாம், ஸ்ரோங்கின் நிழலிலும் ஒரு கூட்டம் நிற்பதைக் காண்கின்றோம். எட்வேட் ஸ்ரோங்கின் நாட்கணக்கேடு நமக்குக் கிடைத்திருப்பின் அதுவும் வேறு கதையைக் கூறியிராது என்பதே என் கருத்து. கூறியிருப்பின் அவர் அத்தகைய செல்வராகியிரார்.

1697 டிசெம்பரில் பேராலயத்தின் கீழைப்பகுதி வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. அதன்பின் எழுந்த குவிமாடம் பற்றி நூல்கள் பல உள. இங்கு சுருங்கக் கூறின் அமையும். வெளியே தோன்றுவது ஈயத்தகடு வேய்ந்த மரக்கூடு. உள்ளே தோன்றுவது செங்கல்லாலான வேறொரு குவிமாடம். இரண்டுக்கும் இடையே எவர் கண்ணுக்கும் தெரியாத செங்கற் கூம்பு நின்று, உச்சியிலுள்ள விளக்குமாடத்தைத் தாங்குகின்றது. அவ்விளக்குமாடத்தின் நிறை ஏறத்தாழ 850 தொன் எனக் கூறுவர். அக்கல்வேலை எட்வேட் ஸ்ரோங்கின் அதே பெயருடைய மகனின் ஒப்பந்தம். எனவே 1708 இல் முதியவர் ஏறிச்சென்று இறுதிக் கல்லை இட்டாரெனின், மகனின் சாரத்திலேயே ஏறியிருக்க வேண்டும். 1711 இற் பாராளுமன்றம் வேலை முடிவுற்றதென அறிவித்தது. றென்னுக்கு நிறுத்தி வைக்கப்பட்டிருந்த பாதிச் சம்பளமும் அப்பொழுதே விடுவிக்கப்பட்டது.

தந்தையும் மகனும் இணைந்து ஏற்ற இறுதிப் பெருவேலை பிளெனிம் அரண்மனை. மார்ல்பரோக் கோமகன் 1704 இற் பெற்ற போர்வெற்றிக்குப் பரிசாக ஆன் அரசியார் ஒக்ஸ்போட்டுக்கு அண்மையிலுள்ள வூட்ஸ்ரொக்கில் அதனை எழுப்பப் பணித்தார். 1705 யூன் 18 இல் வேலை தொடங்கிற்று. கட்டடக்கலைஞர் வன்பிறா நாடகாசிரியராகவும் விளங்கியவர். அவர் வரைந்த கட்டடமும் நாடக அரங்கு போன்றதே. அகழிடங்கள் பலவற்றிலிருந்து கல் வந்தது. ஸ்ரோங் குடும்பத்தின் பழைய ரெயின்ரனும் அவற்றுள் ஒன்று. ஆனால் பணம் எவர் கொடுப்பது என்பது எழுத்தில் வரையறுக்கப்படவில்லை. அரசியார் கொடுப்பார் என்பது அனைவரதும் எண்ணம். அரசியல் மாறியது, கோமகன் பதவியிழந்தார், திறைசேரி கைவிரித்தது, 1712 இல் வேலை நின்றது. அப்பொழுது நிலுவையாய் நின்ற தொகை ஏறத்தாழ 45,000 பவுண். கற்றச்சருக்குப் பெருந்தொகை வரவேண்டியிருந்தது. அரசியார் 1714 இற் காலமானபின் கடனில் மூன்றிலொரு பங்களவே கொடுபட்டது. 1716 இல் வேலை மீளத் தொடங்கியபொழுது, இனிக் கோமகனே பணங்கொடுப்பவர் ஆகையால், குறைந்த விலைக்கு உடன்படுமாறு கேட்கப்பட்டது. ஸ்ரோங் குடும்பத்தார் உடன்படாது விலகினர்.

விலகியதோடு நில்லாது வழக்கும் தொடுத்தனர். ஐரோப்பாவின் புகழ்பெற்ற தளபதிக்கு எதிராக இரு கற்றச்சர் நீதிமன்றம் சென்றனர். அவர்களின் வாதம் ஒரு தாளின் மேல் நின்றது: 1705 இல் அன்றைய நிதி முதல்வர் கொடொல்பின் பிரபு, வன்பிறாவை நியமித்த பத்திரத்தில், அவர் கோமகனின் சார்பில் ஒப்பந்தங்களைச் செய்யலாமென எழுதியிருந்தார். அவ்வாறாயின் கடன்பட்டவர் கோமகனே என்றனர் கற்றச்சர். அரண்மனை அரசியாரின் கொடை, தாம் எதனையும் ஒப்பந்தம் செய்யவில்லை என்றார் கோமகன். கீழ்நீதிமன்றம் கற்றச்சருக்குச் சார்பாகத் தீர்த்தது. கோமகன் மேன்முறையீடு செய்தார். 1721 இற் பிரபுக்கள் சபையும் கற்றச்சரின் பக்கமே நின்றது. இவ்வழக்கில் வென்றது நீதி மட்டுமன்று. கற்றச்சர் தம் தொழிலிலே கற்றிருந்த கணக்கேட்டு ஒழுங்கும் வென்றது. அளந்து, எழுதி, ஒப்பமிட்டு வைத்த அடிக்கணக்குகள் இன்றி அவ்வழக்கை எவரும் தொடுத்திருக்க முடியாது. அதே கணக்கேட்டுக் கல்வி அவர்தம் கூலியாட்களுக்கு இல்லை. அவர்கள் எவர்மீதும் வழக்குத் தொடுத்ததாகவும் செய்தி இல்லை.

எட்வேட் ஸ்ரோங் தம் இறுதிக் காலத்தை ஹேட்போட் மாவட்டத்துச் சென். ஓல்பன்ஸ் நகரருகே, தாம் ஈட்டிய பொருளால் வாங்கிய நிலபுலங்களோடு கழித்தார். அவருடன் வழக்காடிய மார்ல்பரோக் கோமகளின் பிறந்தகமும் அந்நகரிலேயே இருந்தது. இருவரும் தெருவிற் சந்தித்திருப்பின் என்ன பேசியிருப்பர் என எண்ணாதிருக்க முடியவில்லை. 1724 இல் அவர் காலமாகி, அந்நகரின் சென். பீற்றர் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள நினைவுக்கல் அவரைப் புகழுமிடத்து ஒரு செய்தியை அழுத்திக் கூறுகின்றது. சென். போல் பேராலயத்தின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருங்கே காணும் பேறு, கட்டடக்கலைஞர் றென், பேராயர் கொம்ரன் ஆகியோரோடு சமமாக இவருக்கும் வாய்த்தது என்பதே அச்செய்தி. முதற் கல்லை இட்ட தமையனின் பெயரையும் பாகத்தையும் தாமே ஏற்றவர் ஆதலின் அக்கூற்றில் மிகை அதிகமில்லை. அன்றியும், பேராயர் 1713 இலும் றென் 1723 இலும் இறந்துவிட்டமையால், அக்கல் அங்கு நாட்டப்பட்டபொழுது அதனை மறுத்துரைக்க அம்மூவரில் எவரும் உயிருடன் இருக்கவில்லை.